பழைய சி.என்.சி. இயந்திரம்: எதை மாற்ற வேண்டும், எதை விட்டுவிடலாம்?

கணினி சொல்படி தானே வெட்டிச் செதுக்கும் உங்கள் சி.என்.சி. இயந்திரம் பேரலல் போர்ட்டில் (பழைய கணினிகளில் பிரிண்டருக்கு இருந்த அகலமான இணைப்பு) ஓடுகிறது, கணினி போய்விட்டது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஸ்டெப்பர் மோட்டார்கள் (மின் துடிப்புக்குத் துடிப்பு சிறிது சிறிதாகச் சுழல்பவை) சுலபத்தில் கெடாது, அவற்றை விட்டுவிடுங்கள்.

முதலில் கணினியின் வேலையை ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் ஏற்றிய ஜிஆர்பிஎல் என்ற மென்பொருளுக்குக் கொடுங்கள். துடிப்புகளை அதுவே உருவாக்குவதால் யூஎஸ்பி உள்ள எந்த லேப்டாப்பும் போதும். டிரைவர் (துடிப்புக்கு ஏற்ப மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பலகை) பழைய டிபி6560 வகை என்றால் அதையும் மாற்றிவிடுங்கள், தயங்கவே வேண்டாம். டிஎம்542 வகையில் மோட்டார் சத்தமே குறைந்துவிடும்.

அப்புறம் கணக்கு. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி, மைக்ரோஸ்டெப் 8 (ஒவ்வொரு படியையும் டிரைவர் 8 ஆகப் பிரிக்கிறது), திருகு ஒரு சுற்றில் 5 மி.மீ. நகர்த்தும் என்றால், 200 × 8 ÷ 5 = 320 படி ஒரு மி.மீ.க்கு. நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகத்தில் நொடிக்கு 16,000 துடிப்பு. ஊனோ சுமார் 30,000 வரை தாங்கும். மைக்ரோஸ்டெப்பை 32 ஆக்கினால் தாங்காது; இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றாதீர்கள், டிரைவர் எரிந்துவிடும். அவசர நிறுத்தப் பொத்தான் மோட்டாருக்கும் வெட்டும் கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்கும் போகும் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும்.