காசு கொடுத்து வாங்கின கேமை கிளவுட்ல விளையாட இன்னொருத்தர் பர்மிஷன் எதுக்கு?

நீங்க கேட்டது இது: "ஸ்டோர்ல வாங்கின கேம் என் லைப்ரரில இருக்கு, அதையே கிளவுட் ஸ்ட்ரீமிங்ல ஓட்டலாம்னு போனா லிஸ்ட்லயே இல்ல, பப்ளிஷர் (கேமை வெளியிடற கம்பெனி) எடுத்துட்டாராம். வாங்கினவனுக்கு உரிமை இல்லையா?"

உங்க வீட்லயும் கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்தான் இருக்கும்னு நினைக்கிறேன், இல்லைன்னா இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டீங்க. கிளவுட் ஸ்ட்ரீமிங்னா கேம் எங்கயோ இருக்கிற கம்ப்யூட்டர்ல ஓடும், படம் மட்டும் நெட்ல நம்ம ஸ்கிரீனுக்கு வரும். நேரா சொல்லிடறேன். நாம வாங்கினது கேம் இல்ல, லைசென்ஸ், அதாவது விளையாட ஒரு அனுமதி. அந்த லைசென்ஸ் எந்த மெஷின்ல ஓடலாம்ங்கறதுலயும் பப்ளிஷர் கை வைக்கிறாங்க, இப்போதைக்கு அது செல்லுது. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல, அதைப் பத்திதான் எழுத வந்தேன்.

2021ல நான் ஜெர்மனில மாஸ்டர்ஸ் படிச்சுட்டு இருந்தேன். தம்பி மதுரைல. அவனுக்கு வேலை கிடைச்சு முதல் சம்பளம் வந்த அன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடற ஒரு கேமை ரெண்டு காப்பி வாங்கினான், ஒண்ணு அவனுக்கு ஒண்ணு எனக்கு. அம்மாவுக்குப் புடவை, அப்பாவுக்குச் சட்டை, எனக்கு இது. என் லேப்டாப்ல அது ஓடாதுன்னு அவனுக்கும் தெரியும், அதனால நான் மாசம் பத்து யூரோ கட்டி ஒரு ஸ்ட்ரீமிங் சேவைல சேர்ந்தேன். கேம் நம்மளது, கம்ப்யூட்டர் மட்டும் அவங்களது, அவ்வளவுதான் டீல். ஞாயித்துக்கிழமை இங்க காலைல பத்து மணி, அங்க மதியம் ரெண்டரை, அவன் சாப்பிட்டு வந்து உக்காருவான். ரெண்டு பேரும் ஹெட்செட்ல பேசிக்கிட்டே கட்டின வீடு, தோட்டம், பாலம்னு நாலு மாசத்துல நூறு மணி நேரத்துக்கு மேல போயிருக்கும். கொரோனா நேரம், ஊருக்கு வர முடியல, அவன்கூட உக்காந்து இருந்த நேரம்னு எனக்கு இருந்தது அது மட்டும்தான்.

ஒரு வாரம் லாகின் பண்றேன், கேம் லிஸ்ட்ல இல்ல. ஸ்டோர்ல என் அக்கவுண்ட்ல பத்திரமா இருக்கு, ஸ்ட்ரீமிங்ல மட்டும் காணோம். சேவைக்கு மெயில் போட்டா "பப்ளிஷர்கிட்ட கேளுங்க"ன்னாங்க. பப்ளிஷருக்குப் போட்டா "அந்த சேவைகிட்ட கேளுங்க"ன்னு பதில். மூணு வாரம் இதே பந்து விளையாட்டு. எந்த சேவை, எந்த கம்பெனின்னு கமெண்ட்ல கேக்காதீங்க, எழுத மாட்டேன்.

"டெர்ம்ஸ் படிச்சியா"ன்னு ஒருத்தர் கண்டிப்பா வருவார். படிச்சேங்க, அப்புறமா ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து படிச்சேன், எடுக்க அவங்களுக்கு அதுல இடம் இருக்கு. எழுதி வெச்சிருக்காங்கங்கறதால அது சரியாயிடுமா?

என் வாதம் ரொம்பச் சின்னது. 2006ல எங்க தெரு முனைல ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு இருபது ரூபா. என் சிடியை எடுத்துட்டுப் போய் அங்க போட்டு விளையாடுவேன். (ஒரிஜினல் சிடிதான், சிங்கப்பூர்ல இருந்து மாமா வாங்கிட்டு வந்தது, அதையும் சொல்லிடறேன்.) கடை அண்ணனுக்குக் கொடுத்தது மெஷின் வாடகை. இந்தப் பையன் உங்க கேமை என் கடைல விளையாடலாமான்னு அவர் எந்த கம்பெனிக்கும் லெட்டர் போடல. அந்த மெஷின் தெரு முனைல இருந்தா தப்பில்ல, எங்கயோ ஒரு டேட்டா சென்டர்ல இருந்தா மட்டும் எப்படித் தப்பாகும்?

இந்தச் சண்டை ஊரறிய நடந்ததுதான். கிராபிக்ஸ் கார்டு செய்யற என்விடியாவோட ஜிஃபோர்ஸ் நௌங்கற ஸ்ட்ரீமிங் சேவை 2020 பிப்ரவரி 4ல பீட்டா (சோதனைக் கட்டம்) முடிஞ்சு எல்லாருக்கும் திறந்தது. அவங்க கேம் விக்கறதில்ல, ஸ்டீம் மாதிரி ஸ்டோர்ல நீங்க ஏற்கனவே வாங்கினதைத்தான் அவங்க சர்வர்ல ஓட்டி படமா அனுப்பறாங்க. அந்த மாசமே ஆக்டிவிஷன் பிளிசார்ட்ங்கற பெரிய பப்ளிஷர் தன் கேமையெல்லாம் எடுத்தது, அப்புறம் பெதஸ்டாங்கற பப்ளிஷர் பெரும்பாலானதை எடுத்தது, மார்ச்ல டூகேங்கற இன்னொரு பப்ளிஷர். கனடாவுல இருக்கிற ஹின்டர்லேண்ட்ங்கற சின்ன ஸ்டுடியோவும் எங்ககிட்ட கேக்காமப் போட்டுட்டாங்கன்னு தன் கேமை எடுக்கச் சொன்னது. கடைசில பப்ளிஷர் தானா வந்து சரின்னு சொன்னாதான் லிஸ்ட்ல வரும்னு மாத்திட்டாங்க. சின்ன ஸ்டுடியோ கோபம் எனக்குப் புரியுது, கேக்காம எடுத்தா யாருக்கும் வலிக்கும், நான் டெவலப்பர்களுக்கு எதிரி இல்ல. ஆனா அந்தக் கேமுக்கு நான் காசு கொடுத்தாச்சே. இன்னொரு ஸ்ட்ரீமிங்காரர்கிட்ட இதையே தனியா வித்துக்கலாம்ங்கற கணக்குதான் பெரிய கம்பெனிகளுக்குன்னு நான் நினைக்கிறேன், இது என் கருத்து.

மனசு வெச்சா முடியாதது இல்ல. மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷனை வாங்கும்போது ஐரோப்பிய யூனியனோட (ஈயூ) நிர்வாக அமைப்பான ஐரோப்பிய கமிஷன் 2023 மே மாசம் ஒரு கண்டிஷனோடதான் ஓகே சொன்னது. ஐரோப்பால இருக்கிற மக்கள்கிட்ட லைசென்ஸ் இருக்கிற ஆக்டிவிஷன் கேமை அவங்க இஷ்டப்பட்ட எந்த கிளவுட் சேவைலயும் ஓட்டிக்கலாம், பத்து வருஷத்துக்கு, தனிக் காசு கிடையாது. அதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு. என் கேம் அந்த கம்பெனியோடது இல்ல, இருந்தாலும் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் மெயில்ல கெஞ்சினது கிறுக்குத்தனம் இல்லன்னு ஒருத்தராவது சொன்ன மாதிரி இருந்தது.

நல்ல லேப்டாப் வாங்கியிருக்கலாமேன்னு கேப்பீங்க. வாங்கினேங்க. பார்ட் டைம்ல தட்டு கழுவிச் சேர்த்த காசுல வாங்கினதுதான். ஊருக்கு வந்தப்ப சித்தி பையனுக்கு காலேஜுக்கு வேணும், அடுத்த வாரமே பணம் போட்டுடறோம்னு சொல்லி வாங்கிக்கிட்டாங்க. இன்னி வரைக்கும் ஒரு பைசா வரல. சரி, கேள்விக்கு வரேன்.

'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்'னு ஒரு இயக்கம் ஓடுது. யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31ல ஒரு ரேஸிங் கேமோட சர்வரை மூடி, காசு கொடுத்தவங்க யாருமே ஓட்ட முடியாமப் போனதுல ஆரம்பிச்சது. ஐரோப்பிய மனுவுல 2025 ஜூலைல பத்து லட்சம் கையெழுத்து தாண்டிச்சு. ஈயூ குடிமக்கள்தான் போட முடிஞ்சது, என்கிட்ட இந்திய பாஸ்போர்ட். அதனால ஆபீஸ்ல ஆறு பேர் டேபிளுக்குப் போய் விளக்கிச் சொல்லி போட வெச்சேன். அது கேமை மூடறதைப் பத்தினது, உங்க கேள்வி ஸ்ட்ரீமிங், ரெண்டும் வேற வேறதான், ஆனா வாங்கினவன் கையில என்ன மிஞ்சுதுங்கறதுதான் ரெண்டுலயும் கேள்வி. கலிபோர்னியால 2025 ஜனவரில இருந்து, இது வெறும் லைசென்ஸ்தான்னு வாங்கறதுக்கு முன்னாடியே தெளிவா சொல்லியாகணும்னு சட்டம் வந்திருக்கு, அதுவும் நல்லதுதான்.

நீங்க செய்ய வேண்டியது, சந்தா கட்டறதுக்கு முன்னாடி உங்க கேம் லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க, வருஷ சந்தா வேண்டாம், மாச மாசம் கட்டுங்க, நாளைக்கு எடுத்துட்டா வெளிய வந்துடலாம். புதுசா வாங்கற கேம் ஜிஓஜிங்கற ஆன்லைன் ஸ்டோர்ல கிடைச்சா அங்கயே வாங்கி ஆஃப்லைன் இன்ஸ்டாலரை (நெட் இல்லாமலே கேமை இன்ஸ்டால் பண்ற ஃபைல்) ஹார்ட் டிஸ்க்ல போட்டு வெச்சுக்கோங்க, நான் இப்ப அப்படித்தான்.

போன வருஷம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு பிசி வாங்கிட்டேன். தம்பிக்குக் கல்யாணம் ஆகி குழந்தை பிறந்தாச்சு, ஞாயித்துக்கிழமை மதியம் அவன் தூங்கினாலே பெரிய விஷயம். அந்த சேவ் ஃபைல் அவன் கம்ப்யூட்டர்ல இன்னும் இருக்கு, பாதி கட்டின பாலத்தோட. அழிச்சிடாதேன்னு மட்டும் சொல்லி வெச்சிருக்கேன்.