பெயர் எழுதாத மாத்திரை

கேள்வி: எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். மகனுக்கு 29 வயது, ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் வேலை. அடுத்த மாதக் கடைசியில் ஆறு மாத ஒப்பந்தத்தில் ஆப்பிரிக்காவில் கானா நாட்டுக்குப் போகிறான். அங்கே மலேரியா அதிகமாம். வாரம் ஒன்று போட்டால் போதும் என்று ஏஜென்ட் ஓர் அட்டை கொடுத்திருக்கிறார். மெஃப்ளோகுயின் என்று போட்டிருக்கிறது. மருந்துக்கடைக்காரர், டாக்சிசைக்ளின் தினம் ஒன்று போடட்டும், விலையும் குறைவு என்கிறார். கூடப் போகிறவரோ நிலவேம்புப் பொடியே போதும் என்கிறார். எதைக் கொடுத்து அனுப்புவது? அவனுக்குப் பதினாலு வயதில் இரண்டு முறை வலிப்பு வந்தது. அதற்கு இரவில் ஒரு மாத்திரை இன்னும் போடுகிறான். மற்றபடி உடம்புக்கு ஒன்றும் இல்லை. மருமகளிடம் அது சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறோம். சின்னவளுக்கு வரன் பார்ப்பதால் உள்ளூர் டாக்டரிடம் போகவும் தயக்கம்.
- ஒரு தாய், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: இரண்டு மாத்திரைகளின் பெயரைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் மூன்றாவதாக ஒரு மாத்திரையும் இருக்கிறது. பதினைந்து வருடமாக உங்கள் மகன் ராத்திரி போடுவது. அதற்கு மட்டும் பெயர் இல்லை. எனக்கு எழுதும்போதுகூட அதன் பெயரைச் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை.

முதலில் ஏஜென்ட் கொடுத்த அட்டையைத் தனியே எடுத்து வையுங்கள். உங்கள் மகன் அதைத் தொடக்கூடாது. மெஃப்ளோகுயின் எல்லோருக்கும் ஆகாத மருந்து என்று சொல்ல வரவில்லை. மாதக்கணக்கில் வெளியே தங்குபவர்களுக்கு நம் நாட்டு மலேரியாத் திட்டமே அதைத்தான் சொல்கிறது. ஆனால் வலிப்பு வந்தவர்களுக்கும் மனநோய் இருந்தவர்களுக்கும் கொடுக்கக்கூடாது என்று அதே வழிகாட்டியில் இருக்கிறது. அந்த மருந்து மூளையிலும் நரம்பிலும் செய்யும் கோளாறுகளுக்காக 2013-ல் அமெரிக்க மருந்துத் துறை தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. ஏஜென்ட் வண்டிக்கு நாலு பேரை அனுப்புகிறார், நாலு பேருக்கும் ஒரே அட்டை. உங்கள் பையன் தலைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் அதைச் சத்து மாத்திரை என்று சொல்லிவிட்டீர்கள்.

சரி, டாக்சிசைக்ளின்? அங்கேயும் அந்த மூன்றாவது மாத்திரைதான் குறுக்கே நிற்கிறது. அது ஃபெனிடாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிடோன் இவற்றில் ஒன்றாக இருந்தால், டாக்சிசைக்ளினை உடம்பிலிருந்து சீக்கிரமே வெளியேற்றிவிடும். பையன் தவறாமல் தினமும் விழுங்குவான். காவல் மட்டும் குறைந்துபோயிருக்கும். பெயர் தெரியாமல் மருந்துக்கடைக்காரர் எப்படி இதைச் சொல்வார்? போதாததற்கு, டாக்சிசைக்ளின் போடும் சிலருக்கு வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். போர் போடுகிறவனுக்கு நிழல் ஏது?

மலேரியாவைத் தடுக்க இவை தவிர, அடோவாகுவோன், புரோகுவானில் இரண்டும் சேர்ந்த மாத்திரை ஒன்று இருக்கிறது. தினம் ஒன்று, சாப்பாட்டோடு. போவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, அந்த நாட்டை விட்டுக் கிளம்பிய பிறகும் ஏழு நாள் போட வேண்டும். வலிப்பு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இதைத்தான் பரிசீலிப்பார்கள். விலை அதிகம், எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் கணிசமான பணம் ஆகும். அதை அனுப்புகிற கம்பெனியிடம் கேளுங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள். எதை எழுதிக் கொடுப்பது என்பது டாக்டரின் வேலை. அவரிடம் உண்மையைச் சொல்வது உங்கள் வேலை.

நிலவேம்பு மலேரியாவைத் தடுக்காது. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் மாத்திரை இல்லாமல் நடமாடுவதைப் பார்த்து நம் ஆட்களும் விட்டுவிடுகிறார்கள். சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்டு அவர்கள் உடம்புக்குக் கொஞ்சம் எதிர்ப்பு வந்திருக்கும். காவேரிப்பட்டணத்துப் பையனுக்கு அது கிடையாது.

இப்போது என்னை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். கானாவில் நாடு முழுக்க, வருடம் முழுக்க மலேரியா உண்டு. பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை. அது மூளைக்கு ஏறினால் வலிப்பு வரலாம். அம்மா, இந்த ஒரு வரியை இன்னொரு முறை படியுங்கள். கானாவின் குமாசி நகரத்துப் பக்கம் ஒரு கொட்டகையில் உங்கள் மகனுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இது பழைய வலிப்பா, மலேரியா தலைக்கு ஏறியதா என்று அங்கே இருக்கும் டாக்டர் யாரைக் கேட்பார்? ஊருக்குப் போன் போடுவார்கள். எடுப்பது உங்கள் மருமகள். அவள் என்ன சொல்வாள்? "அவருக்கு ஒன்றும் இல்லையே, சத்து மாத்திரை மட்டும்தான் போடுவார்" என்று சொல்வாள். அந்த நேரத்தில் அந்தப் பதில் உங்கள் மகனின் உயிருக்கே உலை வைக்கும். அவள் மேல் ஒரு தப்பும் இருக்காது.

கல்யாணம் பேசும்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. தாலி கட்டியபிறகு அவன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ளும் முதல் உரிமை அவன் மனைவிக்குத்தான். பெற்றவள் என்பதற்காக நீங்கள் அதைப் பூட்டி வைக்க முடியாது. இந்த மாதிரி மறைத்த வீடுகளிலிருந்து எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்துவிட்டன, எல்லாவற்றிலும் கடைசியில் தெரிந்துகொள்கிறவள் மருமகள்தான். எனக்கு இது பொறுக்கவே இல்லை.

சின்னவள் வரன் என்கிறீர்கள். வலிப்பு இருப்பவர்கள் கல்யாணம் செய்துகொள்ள இந்து திருமணச் சட்டத்தில் இருந்த தடையையே 1999-ல் எடுத்துவிட்டார்கள். சட்டம் விட்டதை நீங்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அண்ணனுக்கு எப்போதோ வந்த வலிப்பைக் கேட்டுத் திரும்பிப் போகிற மாப்பிள்ளை வீடு, நாளைக்கு உங்கள் பெண்ணுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் அவளை எப்படிப் பார்த்துக்கொள்ளும்? போகட்டும், விடுங்கள். ஒரு பிள்ளையின் கல்யாணத்துக்காக இன்னொரு பிள்ளையின் உயிரை ஈடு வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

உள்ளூர் டாக்டரிடம் போகக் கூச்சமாக இருந்தால் பஸ் ஏறித் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே உங்களை யாருக்குத் தெரியும்? கடைசியாக வலிப்பு எப்போது வந்தது என்று சொல்லுங்கள். இந்த வேலைக்கு அவனை அனுப்பலாமா என்றும் கேளுங்கள். போர் வண்டி ராத்திரி பகல் ஓடும், தூக்கம் கெடும். தூக்கம் கெட்டாலே வலிப்பு வரலாம். ராடு இறங்கும்போது பக்கத்தில் நிற்பவனுக்கு அப்படி வந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத விரும்பவில்லை. டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், ஏஜென்டுக்குக் கொடுத்த பணம் போனாலும் சரி. போகலாம் என்றால், வலிப்பு மாத்திரை ஆறு மாதத்துக்கு மருந்துச் சீட்டோடு கையில் இருக்க வேண்டும். அங்கே தீர்ந்துபோய் நடுவில் நின்றால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும். கூடத் தங்குபவர்களில் ஒருவருக்காவது விஷயம் தெரிய வேண்டும்.

எந்த மாத்திரையும் முழுக் காவல் இல்லை. மலேரியாக் கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும், அதனால் மருந்து தோய்த்த கொசுவலை, முழுக்கைச் சட்டை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கானாவுக்குள் விடமாட்டார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும், அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். திரும்பி வந்து மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், "கானாவிலிருந்து வந்தேன்" என்பதுதான் டாக்டரிடம் அவன் சொல்லும் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். மறைத்து வளர்ந்த பையன், அதையும் மறைப்பானோ என்று பயமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு மருமகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டை விட்டு இறங்குவதற்கு முன், அந்த ராத்திரி மாத்திரை அட்டையை அவள் கையில் கொடுத்து, அது என்ன, எதற்கு என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். அவள் கோபப்பட்டால், கேட்டுக்கொள்ளுங்கள்.