இலைக்கட்டுக்கும் குடும்பத்துக்கும் ஒரே வண்டி

கேள்வி: திருவையாற்றிலிருந்து கும்பகோணத்துக்கு வாழையிலைக் கட்டுகள் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். மாருதி ஈக்கோ வேன் வாங்கலாமா, டாடா ஏஸ் சரக்கு வண்டியா?
– ஒரு வாசகர், திருவையாறு

பதில்: ஏஸ் வேண்டாம். முன்னால் டிரைவரோடு ஒருவர்தான் உட்காரலாம். பின்னால் சரக்குத் தட்டில் அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றுவது சட்டப்படி குற்றம். நம் பக்கம் கோயிலுக்கு அப்படிப் போகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு மனசு பதறும்.

ஐந்து சீட் ஈக்கோ குடும்பத்துக்குச் சரி. ஆனால் சொந்த உபயோகக் கார் இன்சூரன்ஸ், வியாபாரச் சரக்கு ஏற்றுவதற்குப் பொருந்தாது. அப்புறம் ஈரம். இலைக்கட்டில் தெளித்த தண்ணீர் வண்டித் தரை விரிப்புக்கு அடியில் இறங்கித் தேங்கும். கொஞ்ச நாள் கழித்து விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், சீட் போல்ட்டைச் சுற்றித் துரு ஏறியிருக்கும். அழுகிய இலை வாடை பிள்ளைகளின் பள்ளிப் பைவரை ஒட்டும்.

நான் சொல்வது பொலேரோ கேம்பர் மாதிரி இரட்டை கேபின் பிக்கப். உள்ளே ஐந்து பேர், பின்னால் திறந்த தட்டு. வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம். மஞ்சள் போர்டுதான், அதாவது வியாபார வண்டிப் பதிவு. முதல் 8 வருஷம் 2 வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), அதன்பிறகு வருஷாவருஷம். உங்கள் கார் லைசென்ஸே போதும். நீளமான வண்டி, கும்பகோணத்துச் சந்துகளில் திருப்புவது சிரமம். படியும் உயரம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப்போய் ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள்.