கிர்ஷ்னரின் வெட்டுண்ட கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மன் ஓவியர் எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர், முதல் உலகப் போர் நடந்த 1915இல் தன்னையே சிப்பாயாக வரைந்த ஓவியத்தில் வலது கை மணிக்கட்டோடு வெட்டுண்டிருக்கிறது. போரில் கையை இழந்தாரா? 1938இல் அவர் தற்கொலை செய்துகொண்டதற்கு இது முன்னறிவிப்பா? கண்ணில் படும் உருவத்தைவிட உள்ளத்து உணர்ச்சியை முன்வைக்கும் எக்ஸ்பிரஷனிச ஓவியங்களில் சாவின் குறியீடுகளை எப்படிப் படிப்பது?

ரா.

அன்புள்ள ரா.,

கிர்ஷ்னர் கையை இழக்கவில்லை. போர்முனைக்கே போனதில்லை. பீரங்கிப் படையில் சேர்ந்து ஹாலே நகரில் பயிற்சியில் இருந்தபோதே உடலும் மனமும் நொறுங்கி, 1915இல் விடுவிக்கப்பட்டார். எனவே அந்தக் கை அவருடைய அச்சம்தான். எதைக் கண்டு அச்சம் என்பதற்கு ஓவியத்துக்குள்ளேயே விடை இருக்கிறது.

வெட்டுப்பட்ட கையைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். தோள்பட்டையில் 75 என்ற படைப்பிரிவு எண். உதட்டில் தொங்கும் சிகரெட். மஞ்சள் பூத்த முகம். கண்களில் பாவை இல்லை, சீருடையின் நீலமே அங்கும் நிரம்பியிருக்கிறது. பின்னால் ஒரு நிர்வாண மாடல், ஒரு கான்வாஸ். ஆக, சீருடையோடு அவர் நிற்பது ஓவியக்கூடத்தில். இப்போது விரலை எடுங்கள். ஓவியனுக்கு வேண்டிய கண், கை இரண்டுமே போயிருக்கின்றன. உடல் சாவதற்கு முன்பே தனக்குள் ஓவியன் செத்துவிடுவானோ என்ற பயம் இது.

சிவப்பு என்றால் சாவு, நிர்வாணம் என்றால் இன்னது என்று அகராதி வைத்துப் படித்தால் இது பிடிபடாது. அதே 1915இல் வரைந்த 'பீரங்கிப் படையினர்' ஓவியத்தில் வீரர்கள் ஷவரின் கீழ் அம்மணமாக நெருக்கியடித்து நிற்க, சீருடையோடு ஓர் அதிகாரி மேற்பார்க்கிறார். அங்கே நிர்வாணம் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியாமல் அழிக்கிறது. இங்கே அது அவர் கைநழுவவிடும் தொழில். பொருள் சொல்லும் முன் அதே ஆண்டின் வேறு இரண்டு படங்களையாவது பக்கத்தில் வையுங்கள்.

தற்கொலையைக் கொண்டுவந்து இதில் ஏற்ற வேண்டாம். இடையில் 23 ஆண்டுகள் கிடக்கின்றன. 1917க்குப் பின் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் குடியேறி ஆல்ப்ஸ் மலைகளை ஓயாமல் வரைந்த மனிதர் அவர். 1937இல் நாஜிகள் ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய 600க்கும் மேற்பட்ட படைப்புகளைப் பறிமுதல் செய்தார்கள். 1938இன் விரக்தியைப் பேசுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கட்டும். நவீன ஓவியங்களை இழிவுபடுத்த நாஜிகள் நடத்திய 'சீரழிந்த கலை' கண்காட்சியில் இந்த ஓவியத்தையும் 'வேசியுடன் சிப்பாய்' என்ற தலைப்போடு மாட்டினார்கள். மாடல் வேசியானதும் ஓவியக்கூடமே காணாமல் போய்விட்டது. அக்கிரமமான வாசிப்பு அது.

ஓவியம் இப்போது அமெரிக்காவின் ஓபர்லினில், ஆலன் நினைவுக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்க்கையில் முகத்தோடு நின்றுவிடாமல் பின்னாலிருக்கும் கான்வாஸ்வரை போங்கள்.