முட்டி வலியோடு 10 கி.மீ.: 46 வயதில் ஊர் ஓட்டத்துக்குத் தயாராவது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 46, எடை 82 கிலோ. தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். துறைமுகம் பக்கம் கிளியரிங் ஏஜென்சியில் உட்கார்ந்தே பார்க்கும் வேலை. இருபது வயதில் வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடியவன். அதற்கப்புறம் ஓட்டமே கிடையாது. மூன்று வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு எங்கள் பகுதி நலச்சங்கம் 5 கி.மீ., 10 கி.மீ. ஓட்டம் நடத்துகிறது. நண்பர்களோடு சேர்ந்து 10-க்குப் பெயர் கொடுத்துவிட்டேன். போன வாரம் தொடர்ந்து நாலு நாள் ஓடினேன். ஐந்தாம் நாள் மாடிப்படி இறங்கும்போது முட்டியின் முன்பக்கம் வலிக்க ஆரம்பித்துவிட்டது. கையில் பதின்மூன்று வாரம் இருக்கிறது. முடியுமா, இல்லை 5-க்கு மாறிவிடட்டுமா?

பதில்: முடியும். ஆனால் போன வாரம் ஓடிய மாதிரி ஓடினால் முடியாது.

இருபத்தாறு வருடம் சும்மா இருந்த உடம்பில் எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் திரும்பி வருவதில்லை. மூச்சும் இதயமும் மூன்று, நான்கு வாரத்தில் பழகிவிடும். தசைநாண், ஜவ்வு, எலும்பு இவையெல்லாம் பழகக் குறைந்தது மூன்று மாதம் ஆகும். "இன்னும் ஒரு ரவுண்டு போகலாம்" என்று மூச்சு சொல்கிற அன்று முட்டி தயாராக இருக்காது. ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர்கள்தான் இந்த இடைவெளியில் அதிகம் மாட்டுகிறார்கள். பந்துக்குப் பின்னால் பாய்ந்த கால் அந்த வேகத்தை மறக்கவில்லை. அந்த வேகத்தைத் தாங்கிய தொடைச் சதைதான் இப்போது இல்லை.

படி இறங்கும்போது முன்பக்கம் வலிக்கிறதென்றால், பெரும்பாலும் முட்டிச் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடியிருக்கிறது. ஐந்து நாள் ஓடாமல் சமதரையில் நடங்கள். முட்டி வீங்கியிருந்தாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் சட்டென்று மடங்கிவிட்டாலோ, பழைய ஃபுட்பால் அடி அதே முட்டியில் இருந்தாலோ எலும்பு மருத்துவரைப் பார்த்த பிறகுதான் மற்றது. அப்படி எதுவும் இல்லையென்றால், எட்டு வைக்கும் விதத்தை முதலில் திருத்த வேண்டும்.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. 82 கிலோவுக்கு அது 160 முதல் 250 கிலோ. காலை நீட்டி, குதிகாலை உடம்புக்கு முன்னால் ஊன்றினால் அந்த விசையில் பெரும்பங்கு முட்டிக்குப் போகும். சோதித்துப் பாருங்கள்: மெதுவாக ஓடிக்கொண்டே, வலது கால் தரையைத் தொடுவதை மட்டும் 30 விநாடிக்கு எண்ணுங்கள். 36, 37 வந்தால் எட்டு நீளம் என்று அர்த்தம். வேகத்தைக் கூட்டாமல், எட்டைச் சுருக்கி 39, 40-க்குக் கொண்டுவாருங்கள். பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழும். அடிச் சத்தம் குறையும். "தொப் தொப்" என்று கேட்டால் எட்டு இன்னும் நீளம்தான். முதல் வாரம் கோழி நடையாகத் தோன்றும். மூன்றாவது வாரம் பழகிவிடும்.

ஓடத் தொடங்குமுன் மருத்துவரிடம் போய்விட்டு வாருங்கள். சர்க்கரை உள்ள 46 வயதுக்காரர் இசிஜி, ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரி சர்க்கரை பார்க்காமல் 10 கி.மீ. பயிற்சியில் இறங்கக் கூடாது. வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தாலோ, படி ஏறும்போது உங்களுக்கு நெஞ்சு இறுகினாலோ அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று அவர் முடிவு செய்வார். மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் ஓட்டத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்குவது அரிது. கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரை என்றாலோ இன்சுலின் என்றாலோ இறங்கும். ஓடும் நாளில் அளவை எப்படி மாற்றுவது என்று அவரைத்தான் கேட்க வேண்டும். விரலில் குத்திப் பார்த்து 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். 250-க்கு மேல் இருந்தால் அன்று ஓட்டம் வேண்டாம். சட்டைப் பையில் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடி ஒரு பொட்டலமாக எப்போதும் இருக்கட்டும். கை நடுங்கி, குளிர் வியர்வை வந்தால் நின்று அதை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.

பாதத்தையும் அவரிடம் காட்டுங்கள். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்தால் தெரியாது, தெரியும்போது புண்ணாகியிருக்கும். ஓடிவிட்டு வந்த இரவு விரல் இடுக்கு, குதிகால், பெருவிரல் ஓரம் மூன்றையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பருத்திக் காலுறை வியர்வையைக் குடித்து ஈரமாகவே நிற்கும், தோல் உரசும். நைலான், பாலியெஸ்டர் கலந்தது நல்லது. ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போது பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலியாக இருக்க வேண்டும். பரணில் பல வருடம் கிடந்த ஷூவை எடுக்காதீர்கள். நம் கடலோரக் காற்றில் சோல் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போய், பாதி வழியில் தகடாகப் பிரிந்து வரும்.

இனி பயிற்சி. வாரத்துக்கு மூன்று நாள் போதும்: செவ்வாய், வியாழன், ஞாயிறு. அடுத்தடுத்த நாள் ஓட வேண்டாம்; போன வாரம் செய்த தவறு அதுதான். செவ்வாயும் வியாழனும் 30 நிமிடம். முதல் இரண்டு வாரம் 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, பத்து முறை. மூன்று, நான்காம் வாரம் 2 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை. ஐந்தாம் வாரத்திலிருந்து 4 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை. அதற்கு மேல் கூட்டத் தேவையில்லை. போட்டியையும் இதே 4-க்கு 1 கணக்கில்தான் ஓடப்போகிறீர்கள். இடையில் நடப்பது தோல்வி இல்லை. கடைசி 3 கி.மீ.யில் காலைக் காப்பாற்றுவது அந்த ஒரு நிமிடம்தான்.

ஞாயிற்றுக்கிழமை தூரத்துக்கு. அந்தந்த வாரத்தின் ஓட்ட-நடைக் கணக்கிலேயே வாரவரிசையில் 3, 3.5, 4, 3, 4.5, 5, 6, 4.5, 7, 8, 9, 6 கி.மீ. பதின்மூன்றாம் ஞாயிறு போட்டி. நடுவில் தூரம் குறைகிற நான்காம், எட்டாம் வாரங்களை "நன்றாகத்தானே இருக்கிறது" என்று தாண்டிவிடாதீர்கள். தசைநாண் கெட்டிப்படுவது அந்த ஓய்வில்தான். வேகம் பற்றி ஒரே விதி: பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச வேண்டும். நடையும் சேர்த்து கி.மீ.க்கு 8.5 அல்லது 9 நிமிடம் ஆனால் ஆகட்டும்.

திங்கள், வெள்ளி வீட்டில் பதினைந்து நிமிடம். மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, கைப்பிடியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துங்கள். மூன்று எண்ணும் நேரத்துக்கு மெதுவாக இறக்குங்கள். 12 முறை, மூன்று சுற்று. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 முறை, மூன்று சுற்று. உட்காரும்போது முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது இருபுறமும் 15. பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். உங்கள் முட்டிக்கு ஓட்டத்தைவிட இதுதான் மருந்து.

ஓடிய பிறகு வரும் வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். 3-க்குள் இருந்து, மறுநாள் காலை போய்விட்டால் தொடரலாம். நடை கோணினால் அன்றே நிறுத்துங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சர்க்கரை உள்ளவருக்கு இன்னும் ஆபத்து.

எங்கே ஓடுவது? எண்ணூர் விரைவுச் சாலை வேண்டாம். கடல் பக்கம் என்று ஆசையாக இருக்கும், ஆனால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் புகையையும் தூசியையும் ஆழமாக இழுக்கத்தான் அது உதவும். மாநகராட்சி விளையாட்டுத் திடல்களின் மண்தரை முட்டிக்கு நல்லது. பூங்கா என்றால் சுற்று சிறியது, ஒரே பக்கம் திரும்பித் திரும்பி ஒரு இடுப்பு மட்டும் வலிக்கும். பாதியில் திசையை மாற்றுங்கள். எட்டு வடிவ நடைபாதை நடப்பவர்களுக்கு, அதில் ஓடாதீர்கள். கடற்கரையின் பொலபொல மணலும் உதவாது. குதிகால் தசைநாணை இழுத்துவிடும். வாரத்தில் ஒரு நாளாவது தார்ச்சாலையில் ஓடுங்கள், போட்டி அங்கேதானே.

உங்கள் பதின்மூன்று வாரத்தில் முதல் பாதி மழைக்காலம். தெருவில் தண்ணீர் நின்றால் அன்று ஓட்டம் இல்லை. மூடி நகர்ந்த மேன்ஹோலும் மின்கசிவும் கண்ணுக்குத் தெரியாது; காலில் சிறு கீறல் இருந்தால் அந்தத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் தொற்றலாம். வீட்டில் உடற்பயிற்சியைச் செய்யுங்கள். மூன்று நாள் போனால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், ஒரு வாரம் போனால் முந்தைய வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். காய்ச்சல் வந்தால், விட்டு ஒரு வாரம் கழித்துத்தான் ஷூ. போகி அன்று காலை வெளியே ஓடவே கூடாது. டயரும் பாயும் எரிந்த புகை தரையோடு படிந்திருக்கும். விடியலுக்கு முன் தெருநாய்கள் சூழ்ந்தால் ஓட்டத்தை நிறுத்தி, முகத்தைத் திருப்பாமல் நடந்து விலகுங்கள். கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

நம் ஊரில் குளிர்காலத்திலும் காற்று ஈரம். வியர்வை காயாமல் வழிவதால் உடம்பு ஆறாது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். எவ்வளவு குடிக்க வேண்டும் என்று அறிய, ஞாயிறு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைந்தால் அடுத்த முறை வழியில் அதிகம் குடியுங்கள். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்துவிட்டீர்கள்; அதுவும் தவறு, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். வீடு வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர்.

போட்டிக்கு முந்தின இரவு பிரியாணியைத் தள்ளிவையுங்கள். எட்டு மணிக்குள் சாதம், ரசம், கொஞ்சம் பொரியல். மறுநாள் ஆறு மணிக்கு ஓட்டம் என்றால் நாலு மணிக்கு இரண்டு இட்லி, ஒரு காபி, 400 மி.லி. தண்ணீர். பழகாத எதையும் அன்று சாப்பிடாதீர்கள். சங்கம் கொடுக்கும் புது டி-ஷர்ட்டையும் அன்று முதன்முதலாகப் போடாதீர்கள். அக்குள், தொடை, மார்புக் காம்பு உரசி ரத்தம் வரும். அந்த இடங்களில் வாசலின் தடவுங்கள். ஊர் ஓட்டங்களில் சிறப்பு விருந்தினர் வந்து கொடியசைக்க அரை மணி தாமதமாவது சகஜம். ஒரு வாழைப்பழம் கையில் இருக்கட்டும். மேடையில் பாட்டுப் போட்டுக் குதிக்கச் சொன்னால் நீங்கள் ஓரமாக ஐந்து நிமிடம் வேகநடை போடுங்கள், அதுவே போதுமான சூடு.

கூட்டத்தின் கடைசியில் நில்லுங்கள். முதல் கி.மீ. எல்லாரும் பாய்வார்கள், பையன்கள் இடித்துக்கொண்டு போவார்கள். உங்கள் கடிகாரத்தில் 9 நிமிடம் காட்ட வேண்டும். பாதை முழுக்க அடைக்கப்பட்டிருக்காது, பைக் குறுக்கே வரும். காதில் பாட்டு வேண்டாம். தண்ணீர் மேசையில் கப்பின் வாயைக் கிள்ளி, நடந்தபடி நாலு மிடறு குடியுங்கள். நம் பக்கத்தில் மேடு என்றால் மேம்பாலம்தான்: ஏறும்போது எட்டை இன்னும் சுருக்குங்கள், இறங்கும்போது குதிகாலால் பிரேக் போடாதீர்கள், இல்லையென்றால் முட்டி அங்கேயே பேச ஆரம்பிக்கும். எவ்வளவு நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சங்கத்தாரிடம் முன்பே கேட்டுவையுங்கள். உங்களுக்கு 85 முதல் 90 நிமிடம் ஆகும்.

நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ இழுக்கும் வலி, கண் இருட்டுதல், வியர்த்திருக்கும்போதே குளிர் நடுக்கம், இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். "இன்னும் அரை கி.மீ.தானே" என்ற எண்ணம்தான் ஆளைக் கொல்கிறது.

கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நிற்கவோ உட்காரவோ வேண்டாம். ரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும். பத்து நிமிடம் நடந்த பிறகு பொங்கல் தட்டை வாங்கலாம். அன்று மதியமும் இரவும் சர்க்கரையைப் பாருங்கள், ஓட்டத்தின் இறக்கம் 24 மணி நேரம் வரை இருக்கும்.

இனி 5-க்கு மாறலாமா என்ற கேள்வி. இப்போதே முடிவெடுக்க வேண்டாம். பொங்கல் கழிந்த ஞாயிறு உங்கள் கணக்கில் 8 கி.மீ. வருகிறது. அதை முடித்துவிட்டு, திங்கட்கிழமை காலை கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி இறங்கிப் பாருங்கள். முட்டி ஒன்றும் சொல்லவில்லை என்றால் 10 ஓடுங்கள். வலித்தால், சட்டையில் குத்தும் ஓட்ட நம்பரை வாங்கும் அன்று 5-க்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த வருடம் அதே முட்டியோடு 10 ஓடலாம்.