இதயத் தாள மருந்துகளுக்கு ஏன் நான்கு வகுப்புகள்?

சீரற்ற இதயத் துடிப்பைச் சீராக்கும் மருந்துகளை எதை வைத்து நான்காகப் பிரித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இதயச் செல்லின் சவ்வில் அயனிகள் போய்வர நுண்ணிய வாயில்கள் உண்டு. சோடியம் உள்ளே பாய்ந்தால் மின்துடிப்பு கிளம்பும். பொட்டாசியம் வெளியேறினால்தான் செல் அடுத்த துடிப்புக்குத் தயாராகும். எந்த வாயிலை மருந்து அடைக்கிறது என்பதே மருந்தியலாளர் வாகன் வில்லியம்ஸின் வகைப்பாட்டுக்கு அடிப்படை. முதல் வகுப்பு சோடியம் (ஃப்ளெகெய்னைடு), மூன்றாவது பொட்டாசியம் (சோட்டலால்), நான்காவது கால்சியம் (வெராபமில்). இரண்டாவது மட்டும் வேறு மாதிரி: மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் அட்ரினலின் தூண்டுதலைத் தணிக்கும்.

சரி, அமியோடரோன் என்ற மருந்து? பெயருக்கு மூன்றாம் வகுப்பு. ஆனால் நான்கு வகுப்புகளின் வேலையையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும். அயோடின் கொண்டது என்பதால் தைராய்டைக் கவனிக்க வேண்டும். நிறுத்தினாலும் மாதக்கணக்கில் உடலில் தங்கும். அடினோசின் என்ற மருந்து இதற்கு நேரெதிர், சில நொடிகளே உடலில் நிற்கும். சிரையில் வேகமாக ஏற்றியதும் மானிட்டரில் கோடு சில நொடி தட்டையாகி, பார்ப்பவர் வயிற்றைக் கலக்கிவிட்டு, துடிப்பு திரும்பும். அதற்கும் டிஜாக்சின் என்ற இதய மருந்துக்கும் இந்த நான்கில் இடமே இல்லை.

இன்னொன்று: தாளத்தைச் சீராக்கும் மருந்தே புதிய தாளக்கேட்டைக் கிளப்பலாம். மாரடைப்பு வந்தவர்களுக்கு ஃப்ளெகெய்னைடு கொடுத்தபோது இறப்புகள் கூடியதை 1989இல் காஸ்ட் (CAST) என்ற மருத்துவ ஆய்வு காட்டியது. அப்புறம்தான் அவர்களுக்கு அதைத் தவிர்க்கத் தொடங்கினார்கள்.