ஆளைப் 'பச்சோந்தி' என்று ஏன் திட்டுகிறோம்?

பச்சோந்தி என்பது பல்லி, ஓணான் இனத்தைச் சேர்ந்த, உடல் நிறத்தை மாற்றக்கூடிய ஒரு பிராணி. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் காணப்படுகிறது. ஆளைச் சொல்லும்போது, தன் லாபத்துக்காகப் பேச்சையும் பக்கத்தையும் மாற்றுபவர் என்று பொருள். தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறுபவருக்கு இந்தப் பட்டம் சுலபமாகக் கிடைத்துவிடும். யோசித்துக் கருத்தை மாற்றிக்கொண்டவரையும் இப்படி அழைப்பது நியாயமில்லை என்பேன்.

சரி, நிறம் எப்படி மாறுகிறது? ஒருவகைப் பச்சோந்தியை ஆராய்ந்த ஜெனீவா பல்கலைக்கழகக் குழு 2015இல் இதை விளக்கியது. அதன் தோலுக்குள் மிக நுண்ணிய படிகங்கள் உள்ளன. அமைதியாக இருக்கும்போது அவை நெருங்கி நிற்கும்; நீல ஒளி திரும்பும். தோலிலுள்ள மஞ்சள் நிறமியோடு சேர்ந்து அது பச்சையாகத் தெரியும். எதிரியையோ துணையையோ கண்டால் படிகங்கள் விலகி, மஞ்சளும் சிவப்பும் எழும். சோப்புக் குமிழியில் சாயமே இல்லாமல் வண்ணம் தெரிகிறதே, அந்த மாதிரிதான்.

எந்த இடத்தில் விட்டாலும் அந்த இடத்தின் நிறத்துக்கு மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் கோபம், இணை தேடல், வெயில், குளிர் போன்றவைதான் பெரும்பாலும் அதன் நிறத்தை மாற்றுகின்றன.